பெயருக்கு முதலாளி, கையில் ஏணி



"படிக்கும் காலத்தில் தொழில் செய்யலாமா?" என்ற தலைப்பில் சாஆவில் நாங்கள் பதிவு செய்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நான் பேசியதை இங்கே எழுத்தில் தருகிறேன். நேரம் போதாமல் திரையில் வெட்டப்பட்டதையும் சேர்த்திருக்கிறேன். பத்திரிகையில் அந்த ஒரு வசதி உண்டு.

நிகழ்ச்சி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு தந்தை எழுந்தார். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு படிவத்தை எடுத்தார். "ஏம்மா, என் பையனுக்குப் பதினேழு வயசு. எஸ்.பி.எம். எழுதிட்டான். வீட்டுக்குச் சாயம் அடிக்கிற கம்பெனி ஒன்னு அவனுக்குப் பிரான்சைஸ் கொடுக்கிறேன்னு சொல்லுது. முன்பணம் ஒரு காசு வேண்டாமாம். இந்த வட்டாரத்துக்கே அவன்தான் முதலாளியாம். கையெழுத்துப் போடலாமா?"

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு காகிதத்தில் நானும் ஒருமுறை கையெழுத்துப் போட்டவள்.

சாஆவை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜொகூரில், செகாமட் மாவட்டத்தில், லாபிசுக்கும் யோங் பெங்குக்கும் இடையில் இருக்கும் சிறிய ஊர். சுற்றிலும் தோட்டங்கள். லயத்து வீட்டுக் காலத்தில் சுவருக்கு வெள்ளையடிப்பது தோட்ட நிர்வாகத்தின் வேலை. தாமான் வீடுகளுக்குக் குடி வந்த பிறகு அது நம் தலையில் விழுந்த செலவு. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வீட்டுக்கு வீடு, "இந்த வருஷம் என்ன கலர்?" என்ற பேச்சு தொடங்கிவிடும். ஆகவே இங்கே சாயம் பூசும் தொழிலுக்கு ஆள் பிடிப்பது கஷ்டமில்லை.

2009. நான் பொதுத் தொடர்புத்துறை டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 17-ஆம் தேதி. அதற்கு முன் ஆறு வாரம் செமஸ்டர் விடுமுறை. கல்லூரி வளாகத்தில் ஒரு நிறுவனம் மேசை போட்டு உட்கார்ந்திருந்தது. "வேலை தேடாதே, வேலை கொடு" என்று சொன்னார்கள். இரண்டு நாள் பயிற்சி, ஒரு டி-சட்டை, "வட்டார மேலாளர்" என்று என் பெயர் அச்சிட்ட அட்டை. சாஆ, லாபிஸ், பெக்கோக் மூன்றும் என் "பிரதேசம்". பத்தொன்பது வயதில் ஒருத்திக்குப் பிரதேசம் கிடைத்தால் எப்படி இருக்கும்!

கணக்கைச் சொல்கிறேன். வீடு வீடாக ஏறி இறங்கி ஒன்பது வீடு பிடித்தேன். மொத்த மதிப்பு 12,600 வெள்ளி. நிறுவனத்துக்கு நூற்றுக்கு 25, அதாவது 3,150. இது வசூலான பணத்தில் அல்ல, ஒப்பந்தத்தில் எழுதிய தொகையில். சாயம், சீலர், ரோலர் எல்லாம் அவர்கள் சொன்ன கடையிலேயே வாங்க வேண்டும், அது 4,200. என்னோடு வேலை செய்த நான்கு நண்பர்களுக்குக் கூலி 4,000. மீதம் 1,250 வெள்ளி வர வேண்டும்.

மழை வந்தது. சுவர் காயாமல் அடித்த இரண்டு வீடுகளில் சாயம் கொப்பளித்து உரிந்தது. சுரண்டிவிட்டு மறுபடி அடிக்க 900 வெள்ளி ஆனது. இன்னொரு வீட்டுக்காரர் நிறம் சரியில்லை என்று 700 வெள்ளியைப் பிடித்துக்கொண்டார். ஏணிக்கும் டி-சட்டைக்கும் சேர்த்து 380. கூட்டிக் கழித்தால் 730 வெள்ளி நஷ்டம். அப்பா கொடுத்தார். அதுகூடப் பரவாயில்லை. என் நண்பன் ஒருவன் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். நிறுவனத்துக்குப் போன் செய்தேன். அமைதியான குரலில் ஒரே பதில்: "அவர் எங்கள் தொழிலாளி இல்லை, உங்கள் தொழிலாளி."

அந்தப் பதில் பல வருடம் காதில் இருந்தது. பிறகு இந்தத் தொழில் எங்கே பிறந்தது, சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று தேடித் தேடிப் படித்தேன்.

கனடாவில் ஒரு கோடைக்காலம்

மாணவர்களை வைத்து வீட்டுக்குச் சாயம் அடிக்கும் பிரான்சைஸ் தொழிலுக்குத் தாய்வீடு கனடா. 1971-இல் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழக மாணவர் கிரெக் கிளார்க், படிப்புச் செலவுக்காகக் கோடை விடுமுறையில் சாயம் அடிக்கத் தொடங்கினார். அதுவே காலேஜ் புரோ பெயிண்டர்ஸ் ஆனது. தனி ஒருவர் சாயம் அடிப்பதில் புதுமை ஒன்றுமில்லை. தான் செய்ததை மற்ற மாணவர்களுக்கும் கற்றுக்கொடுத்து, ஒவ்வொருவருக்கும் ஓர் ஊரைக் கொடுத்து, தன் நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்த விட்டு, அவர்கள் செய்யும் வேலையில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டதுதான் அவருடைய யோசனை. 1989-இல் ஃபர்ஸ்ட்சர்வீஸ் என்ற கனடிய நிறுவனம் காலேஜ் புரோவை வாங்கியது. அதே ஃபர்ஸ்ட்சர்வீஸ் 1992-இல் செர்ட்டாபுரோ என்ற பெயரில், மாணவர்கள் இல்லாத முழுநேரச் சாய பிரான்சைஸ் ஒன்றையும் ஆரம்பித்தது. பார்த்துக் காப்பியடித்த நிறுவனங்கள் கனடாவிலும் அமெரிக்காவிலும் பல.

இது ஆண்டு முழுவதும் சுழலும் ஒரு சக்கரம். இலையுதிர் காலத்தில் வளாகத்தில் ஆள் எடுப்பார்கள். குளிர்காலத்தில் வார இறுதிப் பயிற்சி. பனி உருகியதும் வீடு வீடாகப் போய் விலை சொல்லி வேலை பிடிக்க வேண்டும். மே முதல் ஆகஸ்டு வரை நண்பர்களைக் கூலிக்கு வைத்து அடிக்க வேண்டும். செப்டம்பரில் மறுபடி வகுப்பு. அடுத்த கோடைக்கு வேறு மாணவர். ஒரு முதலாளியின் ஆயுள் ஒரு பருவம்தான்.

நியாயமாகப் பேச வேண்டும். இதில் கற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். கதவைத் தட்டி, முகம் தெரியாதவரிடம் விலை பேசி, தன் வயதுப் பையன்களை வேலை வாங்கிப் பழகியது பிற்காலத்தில் கைகொடுத்தது என்று சொல்பவர்கள் உண்டு. நானே மேடையில் கூசாமல் பேசக் கற்றது லாபிஸ் தாமான் வீட்டு வாசல்களில்தான். ஆனால் அந்தப் படிப்புக்கு யார் கட்டணம் கட்டுவது? மழை பெய்தால் யார் நஷ்டம்? ஏணி சரிந்தால் யார் பொறுப்பு? சட்டச் சிக்கல் எல்லாம் இந்த இடத்தில்தான் முளைக்கிறது.

பிரான்சைஸ் என்பதே ஏழைக்கு ஏணியாக வந்த ஒன்றுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கனடாவில் பிறந்து வீட்டு வேலைக்காரியாக வளர்ந்த மார்த்தா மட்டில்டா ஹார்ப்பர், 1888-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் ஒரு முடி அலங்கார நிலையம் திறந்தார். 1891 முதல் அதே பெயரில் நிலையம் நடத்தும் உரிமையைத் தன்னைப் போன்ற உழைக்கும் பெண்களுக்குக் கொடுத்தார். நம் நாட்டில் ஏ அண்ட் டபிள்யூ 1963-இலும், கே.எஃப்.சி. 1973-இலும், மெக்டொனால்ட்ஸ் 1982-இலும் வந்தன. அவற்றை எடுத்து நடத்துவோர் கையில் ஒரு கடை இருக்கும், அடுப்பு இருக்கும், வருடக்கணக்கில் ஓடும். சாயம் அடிக்கும் மாணவனிடம் இருப்பது ஓர் ஏணியும் ஆறு வாரமும்.

29 ஆண்டு தாமதம், ஒரு சிறிய ஜன்னல்

கிளார்க் தொழில் தொடங்கிய அதே 1971-இல், அதே ஒன்டாரியோவில், பிரான்சைஸ் தொழிலையும் ஆள் சேர்க்கும் பல அடுக்கு விற்பனையையும் ஆராய்ந்த அரசாங்கக் குழு ஒன்று தன் அறிக்கையைக் கொடுத்தது. கிரேஞ்ச் அறிக்கை என்பார்கள். பிரான்சைஸ் வாங்குபவருக்கு எல்லா உண்மையையும் முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று சட்டம் வேண்டும் என்பது அதன் கருத்து. மேற்கே ஆல்பர்ட்டா மாநிலம் உடனே சட்டம் கொண்டுவந்தது. ஒன்டாரியோவில் சட்டம் வர 2000 ஆகிவிட்டது. குழுவை அமைத்த அமைச்சரின் பெயரால் அதை ஆர்தர் விஷார்ட் சட்டம் என்கிறார்கள்.

அந்தச் சட்டம் நல்ல சட்டம். கையெழுத்துக்கு 14 நாள் முன்பே விவர ஆவணம் கொடுக்க வேண்டும்; கொடுக்கவே இல்லையென்றால் இரண்டு ஆண்டுக்குள் ஒப்பந்தத்தை முறித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் விதிவிலக்குகளில் ஒரு சிறிய ஜன்னல் இருக்கிறது. ஒப்பந்தம் ஓராண்டுக்கு மேல் போகாமலும், திருப்பித் தராத நுழைவுக் கட்டணம் எதுவும் வாங்காமலும் இருந்தால் விவர ஆவணம் கொடுக்கத் தேவையில்லை. பெட்ரோல் நிலையம் எடுத்து நடத்தியவர்கள் சன்கோர் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் இந்த விதிவிலக்குதான் கேள்வியானது. 2011-இல் மேல்முறையீட்டிலும் நிறுவனம்தான் வென்றது.

அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட அதே கதை. 1979-இல் நடப்புக்கு வந்த மத்திய வர்த்தக ஆணைய விதியின்படி, முதல் ஆறு மாதத்தில் 500 டாலருக்குக் குறைவாகவே பணம் வாங்கினால் அந்த விதி பொருந்தாது. இந்தத் தொகை பின்னாளில் சற்று உயர்த்தப்பட்டது. இந்த ஜன்னல்கள் சாயக் கம்பெனிக்காகத் திறக்கப்பட்டவை அல்ல. சின்னத் தொழிலுக்குப் பெரிய காகிதச் சுமை வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். ஒரே பருவம், முன்பணம் இல்லை என்ற இரண்டையும் சேர்த்தால் என்ன கிடைக்கிறது?

சாஆ தந்தை பெருமையாகச் சொன்னாரே, "முன்பணம் ஒரு காசு வேண்டாம்" என்று. நானும் 2009-இல் அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். காசு கேட்கவில்லை என்றால் ஏமாற்ற மாட்டார்கள் என்பது நம் கணக்கு. சட்டத்தின் கணக்கும் அதேதான்: காசு வாங்கவில்லை என்றால் பாதுகாப்பு அவ்வளவு தேவையில்லை. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் தப்பாகின்றன. மாணவன் கட்டுவது முன்பணம் அல்ல. பின்னால் வரும் நஷ்டத்தைத்தான் அவன் கட்டுகிறான்.

முதலாளியா, தொழிலாளியா?

பிரான்சைஸ் சட்டம் கைவிட்டால் தொழிலாளர் சட்டம் காப்பாற்றுமா? அங்கே போனால், "நீ முதலாளி ஆயிற்றே" என்று வாசலிலேயே நிறுத்துவார்கள். இந்தக் கேள்வியைச் சரியாக உடைத்துப் பார்த்த வழக்கு சாயத்தில் அல்ல, அதன் பக்கத்து வீடான துப்புரவுத் தொழிலில் நடந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கவரால் என்ற நிறுவனம், அலுவலகங்களைச் சுத்தம் செய்பவர்களுக்குப் பிரான்சைஸ் விற்றது. பணம் கட்டி அதை வாங்கியவர்களில் குடியேறி வந்த ஏழைகள் பலர். அவர்கள் வழக்குப் போட்டார்கள்: நாங்கள் முதலாளிகள் இல்லை, உங்கள் தொழிலாளிகள்.

அந்த மாநிலத்தின் சட்டம் மூன்று கேள்வி கேட்கும். வேலையில் அவர் சுதந்திரமானவரா? அவர் செய்யும் வேலை நிறுவனத்தின் வழக்கமான தொழிலுக்கு வெளியே உள்ளதா? அவருக்கென்று சொந்தமாக அந்தத் தொழில் உண்டா? மூன்றுக்கும் "ஆம்" என்று நிறுவனம் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் தொழிலாளி. கவராலின் பதில் சுவையானது. எங்கள் தொழில் சுத்தம் செய்வதே இல்லை, பிரான்சைஸ் விற்பதுதான் என்றது. 2010-இல் நீதிபதி வில்லியம் யங் இதை ஏற்கவில்லை. பிரான்சைஸ் விற்பதே ஒரு தனித் தொழில் என்றால் அது புது வேடம் போட்ட பொன்ஸி திட்டம் மாதிரி அல்லவா இருக்கிறது என்ற பொருள்பட எழுதினார். 2011-இல் மாநில உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. தொழிலாளியை முதலாளி என்று தவறாக வகைப்படுத்தி வாங்கிய பிரான்சைஸ் கட்டணத்தை அவர் திரும்பப் பெறலாம், வேலை கிடைப்பதற்காக ஒருவர் பணம் கட்டும் நிலை கூடாது என்றது. வாடிக்கையாளர் பணம் தரவில்லை என்பதற்காகச் செய்த வேலைக்குக் கூலியை நிறுத்தி வைப்பதும் கூடாது என்றது.

அந்த வரியைப் படித்த இரவு, பிடித்துக்கொள்ளப்பட்ட அந்த 700 வெள்ளியும், அதற்கும் சேர்த்து நான் கட்டிய நூற்றுக்கு 25-உம் என் நினைவுக்கு வந்தன.

அதற்காக எல்லா நீதிமன்றமும் ஒரே பக்கம் சாய்ந்துவிடவில்லை. அதே மாசசூசெட்ஸில் செவன் லெவன் கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த மூன்று கேள்விகள் பிரான்சைஸ் எடுத்தவருக்கும் பொருந்தும் என்று 2022-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2024-இல், கடைக்காரர் ஒப்பந்தக் கடமைகளைச் செய்வதாலேயே நிறுவனத்துக்கு ஊழியம் செய்கிறார் என்று ஆகாது என்றும் சொன்னது. கடை வைத்திருப்பவருக்கும் ஏணி வைத்திருப்பவருக்கும் வித்தியாசம் உண்டு என்று நான் நினைக்கிறேன். சட்டம் இன்னும் அந்தக் கோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது.

ஐந்தாண்டு கேட்கும் நம் சட்டம்

நம் நாட்டுக்கு வருவோம். 1998-ஆம் ஆண்டு பிரான்சைஸ் சட்டம் 1999 அக்டோபர் 8-இல் நடப்புக்கு வந்தது. 2013-இலும் 2022-இலும் திருத்தங்கள் நடப்புக்கு வந்து இன்னும் இறுகியது. பிரான்சைஸ் கொடுக்கும் நிறுவனம் முதலில் பதிவு செய்ய வேண்டும். பதியாமல் தொழில் நடத்தினால் நிறுவனத்துக்கு 250,000 வெள்ளி வரை அபராதம். கையெழுத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு விவர ஆவணமும் ஒப்பந்த நகலும் கையில் தர வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் குறைந்தது ஏழு வேலை நாள் "மனம் மாறும்" அவகாசம் உண்டு. எனக்குக் காகிதத்தைக் காட்டிப் பேனாவைக் கொடுத்தது ஒரே மதிய வேளையில்.

இனிமேல்தான் வேடிக்கை. நம் சட்டப்படி பிரான்சைஸ் தவணை ஐந்தாண்டுக்குக் குறையக் கூடாது. எடுத்தவர் முதல் போட்டுவிட்டு அடுத்த வருடமே தெருவில் நிற்கக் கூடாது என்று வைத்த பாதுகாப்பு அது. அப்படியானால் ஆறு வாரத்துக்கு ஒரு மாணவிக்குக் கொடுக்கப்பட்டது என்ன? அட்டையில் அந்தப் பெயர் இருந்தாலும் அது சட்டம் கேட்கும் பிரான்சைஸாக இல்லை. கனடாவில் குறுகிய காலம் என்பதால் சட்டத்தின் ஜன்னல் திறக்கிறது. இங்கே குறுகிய காலம் என்பதால் சட்டத்தின் வாசலுக்கே வராமல் வேறு பெயர் சூட்டிக்கொள்ளத் தோன்றும். திட்டம், முகவர், பங்காளி, வட்டார மேலாளர் என்று பெயருக்கா பஞ்சம்?

சட்டத்துக்குள் முறையாக வந்தாலும் அதற்கும் விலை உண்டு. பிரான்சைஸ் எடுத்தவர் ஒப்பந்தக் காலத்திலும் அது முடிந்து இரண்டு ஆண்டு வரையிலும் அதே மாதிரித் தொழில் செய்யக் கூடாது. அதற்கு எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும். நிறுவனமாகப் பதிந்து எடுத்தால் இயக்குநர்களின் கணவன், மனைவி, நெருங்கிய குடும்பத்தார், ஏன், வேலையாட்கள்கூட அந்த உத்தரவாதத்துக்குள் வருவார்கள். தொழிலைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செல்லாது என்று 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் பொதுவாகச் சொல்கிறது. பிரான்சைஸ் சட்டம் அதற்கு நேர் எதிராக, கட்டுப்பாட்டைத் தானே கேட்கிறது. பெரிய கடைக்கு இது நியாயமாக இருக்கலாம். சாயம் அடிக்கக் கற்றுக்கொண்ட பையனிடம் இரண்டு வருடம் தூரிகையைத் தொடாதே என்றால்?

தொழிலாளர் பக்கம் இப்போது ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, எழுத்தில் வேலை ஒப்பந்தம் இல்லாத இடத்தில், வேலை செய்யும் முறையையும் நேரத்தையும் இன்னொருவர் கட்டுப்படுத்துகிறார், கருவியைக் கொடுக்கிறார், வேலை அவருடைய தொழிலின் முக்கியப் பகுதி என்பது போன்ற அடையாளங்கள் இருந்தால், மறுத்து நிரூபிக்கும் வரை அவர் தொழிலாளி என்றே அனுமானிக்கப்படுவார். இது 2009-இல் இல்லை.

ஆனால் இந்தக் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர் உண்டு. எனக்கு மேலே இருந்த நிறுவனத்தைப் பார்த்து நான் தொழிலாளி என்று வாதாடலாம். எனக்குக் கீழே வேலை செய்த நண்பனுக்கு நான் யார்? 1969-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி தொழிலாளியைப் பெர்க்கேசோவில் பதிவது முதலாளியின் கடமை. ஒரு நாள் கூலி 50 வெள்ளி கொடுத்து நண்பனை ஏணியில் ஏற்றிய நான் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. கேட்க வேண்டியவள் நான்தான். அவன் கை சரியாகிவிட்டது. குளிர்ந்தால் இன்னும் வலிக்கும் என்பான். அந்தக் குற்றத்தை நிறுவனத்தின் தலையில் மட்டும் போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது.

வீட்டுக்காரரும் சும்மா இருக்க மாட்டார். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி மனுப் போடலாம். அன்று 25,000 வெள்ளி வரை கேட்கலாம். 2019 முதல் அது 50,000. வழக்கறிஞர் வேண்டாம். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் ரசீதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அங்கே போய் நிற்க வேண்டும். என் ஒன்பது ரசீதிலும் நிறுவனத்தின் சின்னம் பெரிதாக, என் பெயரும் அடையாள அட்டை எண்ணும் சிறிதாக.

பாட்டி சொன்ன ஒப்பீடு

கணக்கில் நஷ்டம் என்று வீட்டில் சொன்னபோது தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த என் பாட்டி, "கங்காணி வேலை பார்த்திருக்கே" என்றார். அன்று கோபம் வந்தது. பிறகு படித்தபோது அவர் சும்மா சொல்லவில்லை என்று தெரிந்தது.

மலாயாவில் கங்காணி என்பவர் தோட்ட நிர்வாகத்தின் உரிமம் பெற்று, தன் சொந்த ஊருக்குப் போய், தெரிந்தவர்களையும் உறவினர்களையும் அழைத்து வந்தவர். முன்பணம் கொடுப்பார், பொறுப்பேற்பார். அவர் கொண்டுவந்தவர்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு வந்தார்களோ, தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் காசு. 1907-இல் குடியேற்ற நிதி அமைந்த பிறகு பயணச் செலவை நிதி ஏற்றது. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்ற குடியேற்றத்தைத் தடை செய்ததோடு அந்த ஆள் சேர்ப்பு முடிந்தது. நிர்வாகத்துக்கு இதில் இருந்த லாபம் தெளிவு. துரை நேராக யாரையும் நம்ப வைக்க வேண்டியதில்லை. ஊர்க்காரனே ஊர்க்காரனை நம்ப வைத்துவிடுவான்.

ஒப்பீடு கொஞ்சம் கடுமைதான். கடல் தாண்டி வந்து திரும்ப முடியாமல் கிடந்தவர்களையும் விடுமுறையில் டி-சட்டை போட்ட மாணவியையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வராது. கங்காணிக்குத் தலைக்குக் காசு கிடைத்தது, எனக்கு அதுவும் இல்லை என்று வேண்டுமானால் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நான்கு நண்பர்களும் நிறுவனத்தை நம்பி வரவில்லை, என்னை நம்பி வந்தார்கள். அந்த ஒன்பது வீட்டுக்காரர்களும், "நம்ம பிள்ளை" என்றுதான் கதவைத் திறந்தார்கள். நிறுவனம் என்னிடம் காசு வாங்காமலே எடுத்துக்கொண்டது அந்த நம்பிக்கையை. ஆறு வாரம் கழித்து நிறுவனம் அடுத்த மாணவரைத் தேடிப் போய்விட்டது. நான் அதே ஊர்க் கோயிலில் அதே வீட்டுக்காரர்களைப் பார்த்து ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது.

சரி, சாஆ தந்தைக்கு என்ன சொன்னேன்? "ஐயா, பையனுக்குப் பதினேழு வயது. 1971-ஆம் ஆண்டு சட்டப்படி பதினெட்டு ஆகாதவர் மைனர். மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் ஓர் இந்திய வழக்கில் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. அதனால் பையன் கையெழுத்து பெரிய விஷயம் இல்லை. கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், உங்கள் கையெழுத்துக்கு இடம் இருக்கிறதா?"

அவர் படிவத்தை விரித்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை. பக்கத்தில் இருந்த ஆசிரியை வாங்கிப் படித்தார். "ஜாமின்தாரர்" என்ற இடத்தில் தந்தையின் பெயர் பென்சிலால் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. ஆசிரியை இன்னும் இரண்டு பக்கம் புரட்டினார். வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் நிறுவனத்தின் சொத்து என்று ஓர் இடத்தில் இருந்தது. பிரான்சைஸ் பதிவு எண் எங்கும் இல்லை. மழையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மண்டபத்தில் அதற்கும் சிரித்தார்கள். ஜொகூரில் அக்டோபர், நவம்பரில் வெளிச்சுவருக்குச் சாயம் அடித்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப பையன் சும்மா வீட்டுல உட்கார்ந்திருக்கணுமா?" என்று அவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. ஒரு கருத்தரங்கு அதற்கு வேலை வாங்கித் தர முடியாது. நிகழ்ச்சி அதோடு முடிந்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. படிவம் திருப்பிக் கொடுக்கப்பட்டதாம். பையனின் மாமா தன் பெயரில் எஸ்.எஸ்.எம்.மில் தொழிலைப் பதிந்திருக்கிறார். பையன் அவரிடம் நாள் கூலிக்குப் போகிறான், பெர்க்கேசோ பிடித்தம் உண்டு. நான்கு வீடு முடிந்துவிட்டதாம். ஐந்தாவது வீட்டில் உள்பக்கம் மட்டும் அடித்திருக்கிறார்கள். வெளிச்சுவர் இன்னும் காயவில்லையாம்.